ஓடினால் தசை கரையுமா? சீனன்குடாவில் இருந்து ஒரு கேள்வியின் வரலாறு

"ஓடினா மசில் கரைஞ்சிரும்." திருகோணமலைப் பக்கம் ஜிம்முக்குப் போகத் தொடங்கிற எவருக்கும் முதல் கிழமையே காதில விழுற வசனம் இது. ஓட்டக்காரரோட கதைச்சால் இதே வசனத்தின் மறுபக்கம் வரும்: "பாரம் தூக்கினா உடம்பு இறுகிரும், பிறகு ஓட ஏலாது." சொல்றவங்க கெட்ட எண்ணத்தில சொல்றதில்லை. தங்களுக்குச் சொல்லித்தந்தவர் சொன்னதை அப்படியே கைமாத்தி விடுறாங்க.

ஆனால் இந்த இரண்டு வசனத்தாலயும் நடக்கிறது சின்ன விஷயம் இல்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 5000 மீற்றர் ஓடுற பெடியன், தோள் கொஞ்சம் அகலமாக வேணும் என்று ஆசைப்பட்டால் ஓட்டத்தை விடச் சொல்றாங்க. பாரம் தூக்கிற பெடியனுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, ஆனாலும் ஓடப் பயம். ஓடுற பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பயத்தையும் சேர்த்துக் கொடுக்கிறாங்க: பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய் என்று. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளையிடம் "மூச்சு வேணுமா, பலம் வேணுமா, ஒன்றைத் தெரிவு செய்" என்று சொல்வது சரியா?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். ஒன்று பழைய பயம். மற்றது 1980இல் அமெரிக்காவில் வெளியான, பத்துக் கிழமை நடந்த ஒரு பரிசோதனை. எங்கட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஓட்டமும் பாரமும் ஒன்றையொன்று தின்பது கொஞ்சம்தான். இரண்டையும் சேர்த்துத் தின்பது பசியும் ஓய்வில்லாமையும். இதை விளங்கிக்கொள்ள சீனன்குடாவை விட நல்ல இடம் கிடையாது.

சுமந்த ஊர்

சீனன்குடாவின் வரலாற்றை எடுத்தால் முதலில் வருவது எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்காக 1920களில் கட்டத் தொடங்கியவை. சுமார் 850 ஏக்கர் காட்டுக்குள் இன்று 99 தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. திருகோணமலைக்கான ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. விமானத் தளமும் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் விழுந்த பிறகு இந்தத் துறைமுகத்தின் பெறுமதி ஒரேயடியாகக் கூடியது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாத் தளத்தையும் குண்டு போட்டுத் தாக்கின. பிறகு சுதந்திரம், 1980 அளவில் பிரீமா மா ஆலை, அதே பத்தாண்டில் டோக்கியோ சீமெந்து.

இந்தப் பட்டியலை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். தாங்கிக்கான இரும்பு, ரயில் பாதைக்கான கல், கப்பலுக்கான சாமான், மா மூடை, சீமெந்து மூடை. எல்லாம் யாரோ சுமந்தவை. வரலாற்றுப் புத்தகங்களில் தளபதிகளின் பெயர் வரும். சுமந்தவர்கள் "தொழிலாளர்" என்ற ஒரு சொல்லோடு முடிந்து போவார்கள்.

இலங்கையில் மூடை சுமக்கிறவருக்கு "நாட்டாமை" என்று பெயர். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்ற ஊர்ப் பெரியவர். இங்கே முதுகில் பாரம் ஏத்துறவர். அவருடைய ஒரு நாள் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சீமெந்து மூடை 50 கிலோ. ஒரு லொறியில் 10 தொன் ஏத்த வேணும் என்றால் 200 மூடை. நாலு பேர் சேர்ந்து ஏத்தினால் ஆளுக்கு 50 மூடை, அதாவது 2500 கிலோ. களஞ்சியத்துக்கும் லொறிக்கும் இடையில் 20 மீற்றர் என்று வைத்தால், போகவும் வரவுமாக ஆளுக்கு 2 கிலோமீற்றர். அதில் பாதித் தூரம் முதுகில் 50 கிலோவோடு. இது ஒரு லொறிக்கு மட்டும்.

சர்வதேச தொழில் தாபனம் 1967இல் பாரம் சுமப்பதற்கான சமவாயம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிறது. எங்கட மூடை அந்த எல்லைக்கு ஐந்து கிலோதான் கீழே.

இது பலப் பயிற்சியா, சகிப்புத்தன்மைப் பயிற்சியா? இரண்டும்தான். அந்த மனிதருக்குத் தெரிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அப்படியானால் அவருடைய உடம்பு ஏன் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கிற படம் மாதிரி இல்லை? "பார்த்தீங்களா, அதிகம் நடந்ததால் கரைஞ்சு போச்சு" என்று சொல்லலாம். ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. மூடை எப்பவும் 50 கிலோ. உடம்பு அதைத் தூக்கிற அளவுக்கு வளர்ந்து அங்கேயே நின்றுவிடும். நாளைக்கு 52, அடுத்த மாதம் 55 என்று யாரும் கூட்டித் தரப்போவதில்லை. கூட்டினால் முதுகு போய்விடும், ஏனென்றால் ஓய்வு நாள் கிடையாது. சாப்பாடோ, கூலிக்குள் அடங்கினதுதான்.

ஓட்டத்துக்கும் எங்கட பகுதியில் வேற ஒரு அர்த்தம் இருக்கு. எங்கட அம்மம்மாமாரிடம் "ஓட்டம்" என்று சொன்னால் அவங்களுக்கு மைதானம் ஞாபகம் வராது. தொண்ணூறாம் ஆண்டு ஓடினது, 2006இல் மூதூர்ப் பக்கச் சனம் கந்தளாய்க்கு ஓடினது, அதுதான் வரும். பிள்ளையை இடுப்பில் வைத்து, பையைத் தோளில் போட்டு, மைல் கணக்கில் போனவங்க. பாரமும் தூரமும் அங்கேயும் சேர்ந்துதான் இருந்தது. விரும்பி ஓடுறதும் விரும்பித் தூக்கிறதும் எங்கட தலைமுறைக்குக் கிடைச்ச புது வசதி என்பதை மறக்காமல் மேலே போவோம்.

பத்துப் பத்தாக மூன்று முறை

இன்றைக்கு ஜிம்மில் யாரைக் கேட்டாலும் "பத்துப் பத்தா மூணு செட்" என்பார்கள். அதற்கும் ஒரு பிறந்த இடம் இருக்கிறது. சீனன்குடாவில் குண்டு விழுந்த அதே உலகப்போரில், அமெரிக்க இராணுவ மருத்துவமனைகள் கை கால் உடைந்த சிப்பாய்களால் நிரம்பி வழிந்தன. சிக்காகோவில் அப்படி ஒரு மருத்துவமனையில் இருந்த தோமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், மெலிந்து போன கால்களுக்கு லேசான பயிற்சிக்குப் பதிலாகக் கனமான பாரம் கொடுத்தார். பலம் கூடக்கூடப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் இதை எழுதி வெளியிட்டார். 1948இல் இன்னொருவரோடு சேர்ந்து அதைச் சுருக்கி, பத்துப் பத்தாக மூன்று முறை என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நாட்டாமைக்குக் கிடைக்காத அந்த ஒரு விஷயம், அளவாகக் கூடிக்கொண்டே போகும் பாரம், டிலோர்மின் முறைக்கு அடிப்படையாக இருந்தது.

ஆனால் ஓட்டக்காரர்கள் இதைக் கிட்ட எடுக்கவில்லை. பாரம் தூக்கினால் தசை இறுகும், மூட்டு மடங்காது, வேகம் போய்விடும் என்ற பயம் அந்தக் காலப் பயிற்சியாளர்கள் பலரிடம் இருந்தது. எங்கட ஊரில் இன்றைக்கும் கேட்கிற "உடம்பு இறுகிரும்" என்ற வசனம் அதன் மிச்சம்தான்.

உரோமில் இரண்டு பள்ளிக்கூடம்

1960 உரோம் ஒலிம்பிக்கில் இந்தப் பயம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. செப்ரெம்பர் 2ஆம் திகதி நியூசிலாந்துக்கு ஒரே நாளில் இரண்டு தங்கம்: 800 மீற்றரில் பீட்டர் ஸ்னெல், 5000 மீற்றரில் மரே ஹால்பேர்க். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சியாளர், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆர்தர் லிடியார்ட். அவர் முறையில் பாரம் கிடையாது. கிழமைக்கு 100 மைல் ஓட்டம், பிறகு மலையேற்ற ஓட்டம். பலம் வேணுமா, மேட்டில் ஓடு என்பதுதான் அவர் பதில்.

நாலு நாள் கழித்து 1500 மீற்றர். அவுஸ்திரேலியாவின் ஹேர்ப் எலியட் 3 நிமிடம் 35.6 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். அவருடைய பயிற்சியாளர் பெர்சி செருட்டி லிடியார்டுக்கு நேரெதிர். தன் ஓட்டக்காரரைப் போர்ட்சீ என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போய் மணல் மேட்டில் ஏறி ஏறி ஓடவைப்பார். அதோடு பாரமும் தூக்கவைப்பார், அதுவும் கனமாக. செருட்டி 1939இல், நாற்பது வயது தாண்டிய பிறகு, உடம்பு முற்றாக நொறுங்கிப்போய், பிறகு தன்னைத் தானே கட்டியெழுப்பிய மனிதர். பலமில்லாத உடம்பால் தொடர்ந்து ஓட முடியாது என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

ஆக, பாரம் தூக்கினவரும் வென்றார், தூக்காதவர்களும் வென்றார்கள். ஸ்னெல் கூட மெலிந்த மனிதர் இல்லை, கட்டுமஸ்தான உடம்புக்காரர்தான். பாரம் தூக்கினால் ஓட ஏலாது என்ற பயம் அன்றைக்கே உடைந்திருக்க வேணும். எலியட்டின் முதுகைப் பார்த்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. எதிர்ப்பக்கக் கேள்வி மட்டும் மிச்சமிருந்தது: ஓடினால் தசை கரையுமா?

ஹிக்சனின் பத்துக் கிழமை

இந்தக் கதையின் நடுப்பாத்திரம் ரொபர்ட் ஹிக்சன். பாரம் தூக்கிற ஆள், உடலியங்கியல் ஆராய்ச்சியாளரும் கூட. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் ஜோன் ஹொலோசி என்பவரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். ஹொலோசி சாதாரண ஆள் இல்லை. 1967இல் எலிகளை ஓடவைத்து, ஓட்டப் பயிற்சி தசைக் கலங்களின் இழைமணிகளை எப்படிக் கூட்டுது என்று காட்டியவர். சாதாரணதர விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள், கலத்துக்குள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கிற இடம் இழைமணி. அங்கே வேலை செய்யும் நொதியங்கள் பயிற்சி பெற்ற எலிகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தன. ஓட்டக்காரருக்கு மூச்சு நிற்பதன் இரகசியத்தில் பெரிய பங்கு இதுதான்.

ஹொலோசி ஒவ்வொரு நாளும் ஓடுவார். புதிதாக வந்த ஹிக்சனும் கூட ஓடினார். கொஞ்ச நாளில் தன் தசை குறையுது, பலம் இறங்குது என்று கண்டு ஹொலோசியிடம் போய்ச் சொன்னார். "உனக்கென்று ஒரு ஆய்வுகூடம் கிடைக்கும்போது முதல் வேலையாக இதைத்தான் ஆராய வேணும்" என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம். ஹிக்சன் அப்படியே செய்தார்.

1980இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று குழு. முதல் குழு கிழமைக்கு 5 நாள் காலுக்குக் கனமான பாரப் பயிற்சி. இரண்டாவது குழு கிழமைக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் வரை முழு மூச்சில் ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு இந்த இரண்டையும் முழுசாகச் செய்தது. பத்துக் கிழமை முடிவில் பாரக் குழுவின் கால் பலம் ஏறத்தாழ 44 வீதம் கூடியது. இரண்டையும் செய்தவர்களுக்குக் கூடினது 25 வீதம். அதைவிட முக்கியம், அவர்களுடைய பலம் ஆறு, ஏழு கிழமை வரைக்கும் நன்றாக ஏறி, பிறகு நின்று, கடைசி இரண்டு கிழமையில் இறங்கத் தொடங்கியது. மூச்சுப் பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. ஓட்டம் மட்டும் செய்த குழுவும் இரண்டையும் செய்த குழுவும் ஒரே அளவு முன்னேறினார்கள்.

இதைத்தான் பிறகு "குறுக்கீடு" என்று சொன்னார்கள். ஜிம் சுவர்களுக்கு வந்து சேரும்போது அது "ஓடினா மசில் கரைஞ்சிரும்" என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஆய்வைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கள். மூன்றாவது குழு கிழமைக்கு 11 பயிற்சி செய்தது. எல்லாம் முழு மூச்சில். எல்லாம் ஒரே காலுக்கு. அப்படியிருந்தும் அவர்களின் பலம் தொடக்கத்தில் இருந்ததை விடக் கால் பங்கு கூடித்தான் முடிந்தது. கரையவில்லை. ஆறு கிழமை வரைக்கும் தடங்கலும் இல்லை. எங்கட ஊரில் கிழமைக்கு மூன்று நாள் ஓடி, இரண்டு நாள் பாரம் தூக்கிற ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே போட்டுப் பார்ப்பது, கடும் மழையில் வந்த வெள்ளத்தைக் காட்டித் தூறலுக்குப் பயமுறுத்துவது மாதிரி.

ஜிம்முக்கு வந்து சேராத ஆய்வுகள்

இன்னொரு விஷயம் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதே ஹிக்சன் 1988இல் வேறொரு ஆய்வை வெளியிட்டார். ஏற்கெனவே ஓட்டத்திலும் சைக்கிளிலும் பழகியவர்களுக்கு, இருந்த பயிற்சியோடு பாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார், கிழமைக்கு 3 நாள், பத்துக் கிழமை. களைத்து விழும் வரை சைக்கிள் மிதிக்கிற நேரம் 71 நிமிடத்தில் இருந்து 85 நிமிடத்துக்குப் போனது. குறுக்கீட்டைக் கண்டுபிடித்த அதே மனிதர், பாரம் மூச்சுக்காரருக்கு உதவும் என்றும் காட்டினார். முதல் ஆய்வு ஊர் ஊராகப் போனது. இரண்டாவதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பயமுறுத்துற செய்திக்குக் கால் முளைக்கிறது எல்லா இடத்திலயும் நடக்கிறதுதானே.

1999இல் பின்லாந்தில் லீனா பாவோலைனனும் கூட இருந்தவர்களும் நெடுந்தூர ஓட்டக்காரரின் பயிற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, பாய்ச்சல், குறுவேக ஓட்டம், வேகமாகத் தூக்கும் பாரம் என்று மாற்றினார்கள். ஒன்பது கிழமையில் அவர்களுடைய 5 கிலோமீற்றர் நேரம் சுமார் 3 வீதம் குறைந்தது. 20 நிமிடத்தில் ஓடுறவருக்கு இது அரை நிமிடத்துக்கும் மேல். ஒட்சிசன் எடுக்கிற அளவு கூடவில்லை. கால் தரையில் பட்டு எழும்புற ஒவ்வொரு அடியும் குறைந்த செலவில் நடந்தது, அவ்வளவுதான்.

தசைக் கலத்துக்குள் என்ன நடக்குது என்பதையும் 2000களில் தேடினார்கள். பாரம் தூக்கும்போது தசை கட்டச் சொல்லும் ஒரு சமிக்ஞை எழும்புது. நீண்ட நேரம் ஓடிச் சக்தி குறையும்போது "செலவைக் குறை, கட்டட வேலையை நிறுத்து" என்று சொல்லும் இன்னொரு சமிக்ஞை எழும்புது. முதலில் இதை ஒரே சுவிட்சின் இரண்டு பக்கம் மாதிரி விளக்கினார்கள். மனித உடம்பு அப்படி ஒரு சுவிட்சில் ஓடுறதில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கு: இரண்டாவது சமிக்ஞைக்குக் காரணம் சக்தித் தட்டுப்பாடு. அதாவது வீட்டில் சீமெந்து இல்லாதபோது மேசன் வேலையை நிறுத்திற மாதிரி.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. 2012இல் வந்தது, சைக்கிளை விட ஓட்டமே பலத்தையும் தசையையும் கூடப் பாதிக்குது என்றும், கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம் ஓடுறோம் என்பதைப் பொறுத்தே பாதிப்புக் கூடுது என்றும் கண்டது. 2022இல் 43 ஆய்வுகளைச் சேர்த்த தொகுப்பு, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசையின் அளவோ உச்சப் பலமோ குறையவில்லை என்றது. வெடிப்பு வேகம், அதாவது பாய்கிறது, குதிக்கிறது போன்ற பலம் மட்டும் கொஞ்சம் குறையலாம், அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்தால். நீங்கள் உயரம் பாய்தல் வீரர் என்றால் கவனியுங்கள். மற்றவர்கள் நிம்மதியாக ஓடலாம்.

ஆழிக்குமரனின் உடம்பு

உதாரணத்துக்குப் பின்லாந்து வரைக்கும் போகத் தேவையில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனை எங்கட வீட்டுப் பெரியவர்களுக்கு நல்லாத் தெரியும். 1971இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தவர், 51 மணித்தியாலம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினவர். அதே ஆள்தான் இரண்டு நிமிடத்தில் 165 தடவை படுத்து எழும்பிச் சாதனை வைத்தார். ஒன்று நாள் கணக்கான மூச்சு. மற்றது 120 செக்கனில் வயிற்றுத் தசை எரியிற வேலை. ஒரே உடம்பில் இரண்டும் இருந்தது. 1984 ஓகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது இறந்தார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது மன உறுதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இத்தனை விதமான வேலைக்கு அந்த உடம்பைப் பழக்கி எடுத்த உழைப்பையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

சோத்துக் கோப்பை

இப்ப எங்கட முடிவுக்கு வருவம். ஓடுறதால் செலவாகிற சக்தி, உடம்பின் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீற்றர் ஓடினால் 600 கலோரி. கிட்டத்தட்ட 450 கிராம் சோறு, அதாவது ஒரு முழுக் கோப்பை. இந்தக் கோப்பையைத் திருப்பிப் போடாமல் பின்னேரம் போய்ப் பாரம் தூக்கினால் தசை எதைக் கொண்டு வளரும்? "ஓடினதால் கரைஞ்சது" என்று நாங்கள் சொல்ற பல கதைகளில் உண்மையில் நடந்தது, ஓடின அளவுக்குச் சாப்பிடாததுதான்.

புரதத்தையும் பார்ப்பம். தசை வளர்க்க, எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.6 கிராம் அளவு போதும் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்ற கணக்கு. 60 கிலோவுக்கு 96 கிராம். டப்பாவில் அடைத்த மாவை வாங்காமலே இது வருமா? நாள் முழுக்க 400 கிராம் அரிசியில் 28, இரண்டு முட்டையில் 12, 100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24, ஒரு நேரம் 100 கிராம் மீனில் 20, ஒரு பிடி கச்சானில், அதாவது 50 கிராமில், 12. கூட்டினால் 96 வருது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இது முடியாத காரியம் இல்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் முடியுமா என்பதுதான் கேள்வி. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டின் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. முட்டையும் மீனும்தான் கோப்பையில் இருந்து முதலில் காணாமல் போனது. அந்தக் காலத்தில் மெலிந்து போன பிள்ளையிடம் "அதிகம் ஓடாதே" என்று சொல்றது சுகமான பதில். சரியான பதில் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. போதியளவு சாப்பிடாமல் ஓடும்போது மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகலாம், எலும்பின் பலம் குறையும். இந்தச் சக்திக் குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ஒரு தனிப் பிரச்சினையாகப் பெயரிட்டு, ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்துச் சொன்னது. "ஓடுறபடியால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் போக வேணும். பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகும் என்ற பயத்துக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கு: பெண்ணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு, அப்படி வளர்றது லேசில நடக்காது. கிடைக்கப்போறது எலும்புக்கு நல்ல பலம்.

ஒரு கிழமைக் கணக்கு

வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். கிழமைக்கு மூன்று நாள் ஓட்டம், அதில் ஒன்று நீண்ட ஓட்டம், வெயில் ஏற முன்னம் விடியக்காலையில. இரண்டு நாள் பாரம். கால் பாரத்தை நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் வைக்க வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் காலையும் பின்னேரமுமாகப் பிரியுங்கள். அதுவும் முடியாவிட்டால், தசைதான் முக்கியம் என்றால் முதலில் தூக்குங்கள், ஓட்டம்தான் முக்கியம் என்றால் முதலில் ஓடுங்கள். பாரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். ஜிம்முக்குக் காசில்லையென்றால் உரப்பைக்குள் மணல் போட்டுக் கட்டித் தூக்கலாம், அந்த மூடையில் எத்தனை கிலோ என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஒரு நாளாவது முழு ஓய்வு. ஓடின நாளில் ஒரு கோப்பைச் சோறு கூட.

எங்கட ஊரில் மூடை சுமந்தவர்களுக்குக் கிடைக்காதது இதில் எது என்று பாருங்கள். ஓட்டமும் பாரமும் அவர்களிடம் தேவைக்கு மேலே இருந்தது. பாரத்தின் அளவைத் தீர்மானிக்கிற உரிமை, ஓய்வு நாள், கூடுதல் சோறு, இந்த மூன்றும்தான் இருக்கவில்லை. இன்றைக்கும் பலருக்கு இல்லை.

உங்கட வீட்டில் தாங்கிப் பக்கமோ, துறைமுகத்திலோ, ஆலையிலோ வேலை செய்த தாத்தாமார், அப்பாமார் இருந்தால் கேளுங்கள். என்ன சுமந்தாங்க, எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை மூடை, மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க. கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த கட்டுரையை அதில் இருந்து தொடங்குவோம்.